இருபதுக்குப் பரவாயில்லை

சிலருக்கு எதைக் கண்டாலும் மார்க்குப் போடாவிட்டால் தூக்கம் வராது. அவளுக்கு வாய்த்த புருஷன் அந்த ரகம். வேலையும் அதற்கு ஏற்றபடியே அமைந்து தொலைத்தது. வண்டி ஓட்ட உரிமம் கேட்டு வருகிறவர்களைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரி. பகலெல்லாம் பக்கத்து இருக்கையில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்துகொண்டு, பயத்தில் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்குகிறவர்களைப் பெயிலாக்குவதுதான் உத்தியோகம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வழியில் வைத்த பிளாஸ்டிக் கூம்பைத் தொட்டால் பெயில். கண்ணாடியைப் பார்க்க மறந்தால் பெயில். கண்ணாடியை அளவுக்கு மீறிப் பார்த்துவிட்டால், வண்டி ஓட்ட வந்தீர்களா தலை வார வந்தீர்களா என்று ஒரு குத்தல், அப்புறம் பெயில். அன்றைக்கு யாரை எப்படி அழ வைத்தார் என்பதை வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

கல்யாணமான புதிதில் அவளுடைய அக்கா இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். வயிறு முட்டச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த புது மாப்பிள்ளை, பல்லைக் குத்திக்கொண்டே, இருபதுக்குப் பதினொன்று போடலாம் என்றார். அக்கா சிரித்துவிட்டாள். அப்புறம் தங்கையைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், "உனக்கு எத்தனைடி போட்டாரு?" என்று கேட்டாள். அன்றிலிருந்து பிறந்த வீட்டில் அவருக்கு மார்க்கு மாப்பிள்ளை என்று பெயர். அவருக்கும் அது காதில் விழுந்தது. அதை ஒரு பட்டம் என்று நினைத்து மகிழ்ந்து போனார் என்பதுதான் கொடுமை.

ஒயின் பைத்தியம் நடுவயதில் பிடித்தது. மேலதிகாரி ஒருவர் ஓய்வு பெற்ற நாளில் ஒரு பிரெஞ்சு பாட்டிலைத் திறந்து, இவருக்கும் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்து, இதெல்லாம் எல்லாருக்கும் புரியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சுத்தான் இவர் தலைக்கு ஏறியது, ஒயின் ஏறவில்லை. ஊருக்கெல்லாம் புரியாத ஒன்று தனக்குப் புரிகிறது என்றால் இந்த மாதிரி மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு புத்தகம் வாங்கினார். அதில் பாதி படித்தார். அதற்குள் தீர்ப்பாகிவிட்டது. பிரெஞ்சு ஒயின் என்றால் நல்ல குடும்பத்துப் பிள்ளை, கலிஃபோர்னியா ஒயின் என்றால் நேற்றுப் பணம் பார்த்தவன். ஒன்று போர்தோவில் விளைகிறது, இன்னொன்று நாபாவில் விளைகிறது, இரண்டும் திராட்சைதானே என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் கேட்டவருக்கு அன்றைக்கு ஒற்றை இலக்க மார்க்குதான். இத்தனைக்கும் இரண்டு ஊரையும் இவர் கண்ணால் கண்டதில்லை. விமானம் ஏறினால் காது அடைத்துக்கொள்ளும் என்று பக்கத்து ஊருக்கே ரயிலில் போகிற ஆள்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் மூன்றாவது மாடியில் இவர்கள் வீட்டில் ஒயின் கச்சேரி. ஒயினின் நிறம் பார்க்க வேண்டும் என்று சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். கீழ்வீட்டுச் சமையல் வாசனை மூக்கைக் கெடுக்கும் என்று ஜன்னலைச் சாத்த வேண்டும். அவள் சென்ட் போட்டிருக்கக் கூடாது. பிரெஞ்சு ஒன்று, கலிஃபோர்னியா ஒன்று, இரண்டு பாட்டிலுக்கும் லேபிள் தெரியாதபடி தன்னுடைய ஆபீஸ் சாக்ஸை மாட்டுவார். துவைத்த சாக்ஸ்தான், துவைத்தவள் அவள்தான். இதற்குக் குருட்டு ருசி என்று அவரே ஒரு பெயரும் சூட்டியிருந்தார். கண்ணால் பார்க்காமல் நாக்கை மட்டும் நம்பி எது எந்த நாடு என்று சொல்ல வேண்டுமாம்.

விழுங்கின பிறகு ருசி எவ்வளவு நேரம் நாக்கில் நிற்கிறது, எந்த நாடு என்று ஒவ்வொருவரையும் கேட்பார். வந்தவர்கள் ஆளுக்கொன்று உளறுவார்கள். எல்லாரும் உளறி முடிக்கும்வரை இவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். பிறகு கிளாஸைச் சாய்த்து, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, ஒரு வாய் உறிஞ்சிக் கொப்பளித்து, ஸ்டீல் குவளையில் துப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இது போர்தோ" என்பார். சாக்ஸைக் கழற்றினால் போர்தோவேதான். எல்லாரும் கைதட்டுவார்கள். சாக்ஸை மாட்டினவரே கண்டுபிடிக்கிறாரே, இதில் என்ன ஐயா அதிசயம் என்று ஒரு பிரகஸ்பதிக்கும் தோன்றியதில்லை. கறுப்பு சாக்ஸ் எப்போதும் பிரெஞ்சு, பழுப்பு சாக்ஸ் எப்போதும் கலிஃபோர்னியா. ஒரு வாரமாவது மாற்றி மாட்டுவோம் என்ற புத்திகூடக் கிடையாது. திருட்டுத்தனத்திலும் சோம்பேறித்தனம்.

அவளுக்கு இது ஆரம்பத்திலேயே தெரிந்துபோயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் துப்பல் குவளையைக் கழுவுகிறவளுக்கு ஏதாவது ஒரு லாபம் வேண்டாமா? கைதட்டல் கேட்கும்போதெல்லாம் சமையலறையில் நின்று தனக்குள் சிரித்துக்கொள்வாள். வாராவாரம் தவறாமல் வருகிற விருந்தாளி கீழ்வீட்டுப் பல் டாக்டர். எதைக் கொடுத்தாலும் "ஆஹா" என்கிற பிறவி. குழாய்த் தண்ணீரைச் சாக்ஸ் மாட்டிக் கொடுத்தாலும் ஆஹாதான்.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, பார்வை சோதிப்பது. இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, மூக்கின்மேல் கனமான ஃபிரேமை மாட்டி, சில்லு சில்லாகக் கண்ணாடியை மாற்றிப் போட்டு, இது தெளிவாக இருக்கிறதா, இதுவா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் ஒரு கட்டத்தில் ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு என்பார்கள். அப்படிச் சொன்னால் அளவு சரியாக அமைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த பதிலுக்காகத்தான் அவள் நாளெல்லாம் காத்திருப்பாள். வீட்டுக்கு வந்தால் சனிக்கிழமை மறுபடி அதே கேள்வி, இதா அதா என்று. இங்கே ரெண்டும் ஒன்று என்றால் குற்றம்.

கச்சேரியின் நடுவில் அவளிடமும் கிளாஸை நீட்டி எப்படி என்று கேட்பார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுப் பரவாயில்லை என்பாள். பிரெஞ்சும் பரவாயில்லை, கலிஃபோர்னியாவும் பரவாயில்லை. வருஷக்கணக்காக இதே பதில்தான். ஒரு சனிக்கிழமை, அன்றைக்கு என்ன கடுப்போ, பல் டாக்டரை வைத்துக்கொண்டே அவள்மேல் பாய்ந்தார்.

"பரவாயில்லைன்னா என்ன அர்த்தம்? நல்லா இருக்கா, இல்லையா? நாக்கு செத்தவங்க பேசற பேச்சு அது. இனிமே இந்த மேஜையில அந்த வார்த்தையே கூடாது. தோணறதைச் சொல்லு, இல்லன்னா வாயை மூடிக்கிட்டு இரு."

டாக்டர் ஆஹா என்றார். அவள் சரிங்க என்று சொல்லிவிட்டுக் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உட்கார்ந்திருக்கிற கிளையையே வெட்டுகிறோம் என்பது அந்த மேதாவிக்குத் தெரியவில்லை. அந்த ஒரு சொல் அந்த வீட்டில் எத்தனை வேலை பார்த்துக்கொண்டிருந்தது! பித்தப்பை ஆபரேஷன் முடிந்து அவள் கையில் பையோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, கூட்டிப்போக வருகிறேன் என்றவர் வரவில்லை. எங்கோ ஒரு கடையில் பழைய பர்கண்டி ஒயின் தள்ளுபடி விலையில் வந்திருக்கிறது என்று அங்கே போய்விட்டார். மறந்தே போச்சு என்றார். அவள் பரவாயில்லை என்றாள். அவளுடைய பிறந்த நாளுக்கு அவருக்குப் பிடித்த கிளாஸ் செட்டை வாங்கி வந்தார். பரவாயில்லை. அவளுடைய கடை முதலாளியை வீட்டுக்கு அழைத்து, அந்தப் பெரியவருடைய ரசனைக்கு இருபதுக்கு மூன்று போட்டு அனுப்பினார். அதற்கும் பரவாயில்லை. மன்னிப்புக் கேட்க அவர் பழகவே இல்லை. கேட்பதற்கு முன்பே கிடைத்துக்கொண்டிருந்தால் எவன் பழகுவான்?

மேஜையில் கூடாது என்றால் அவளுக்கு எங்கேயும் கூடாது என்றுதான் பட்டது. அதற்கப்புறம் ஒருநாள், நல்ல மழையில், கடையிலிருந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வழக்கம்போல மறந்துபோனார். நனைந்து வந்தவளிடம், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அட, மறந்துட்டேன்" என்றார். என்னடா இது, வரவேண்டியது வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தார். பஸ் ஸ்டாப்பில் நின்றேன், முழுக்க நனைந்தேன், கோபமாக இருக்கிறது என்று அவள் நிதானமாகச் சொல்லிவிட்டுத் தலை துவட்டப் போனாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கு பிரஷர் ஏதாவது ஏறிவிட்டதா என்று கேட்டார். தோணறதைச் சொல்லச் சொன்னீர்களே என்றாள். சொல்லிவிட்டு, குளியலறைக் கண்ணாடியில் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியது. அக்காவின் ஊரில் அதற்கு வசதியில்லை. இவள்தான் இங்கே நல்ல டாக்டராகப் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் குறித்தாள். அம்மா போனபோது இவளுக்குச் சடை பின்னத் தெரியாத வயது. பின்னிவிட்டதும், படிக்க வைத்ததும், கண்ணாடிக் கடையில் சேர்த்துவிட்டதும் அக்காதான். அந்த அக்காவுக்குத் தன் கையால் சொட்டு மருந்து விட வேண்டும், தன் வீட்டில் தன் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர இவளுக்கு அந்த நேரத்தில் உலகத்தில் வேறு ஆசை கிடையாது. அக்காவோ, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் லாட்ஜ் இருக்கிறதாமே, அங்கே இருந்துகொள்கிறேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

காரணம் இவளுக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால் அக்கா வந்தபோது, மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று சூப்பர் மார்க்கெட்டில் தேடி ஒரு ஒயின் பாட்டில் வாங்கி, அதற்கு ஒரு சிவப்பு ரிப்பனும் கட்டிக் கொண்டுவந்தாள். கலிஃபோர்னியா பாட்டில். அவர் ரிப்பனை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், லேபிளைப் படித்தார், சிரித்தார். மூடியைத் திருகி ஒருமுறை மோந்தார். நேராகச் சமையலறைக்குப் போய், அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழு பாட்டிலையும் சிங்க்கில் கவிழ்த்து, குழாயையும் திறந்துவிட்டார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஒரு பழமொழி வேறு. ஒரு சொட்டுகூட வாயில் வைக்கவில்லை. நாக்கு நீளமான மனுஷன்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ருசிப்பதற்கு மட்டும் அது பயன்பட்டதில்லை.

அக்கா அடுத்த நாள் விடியற்காலை பஸ்ஸில் போய்விட்டாள். உங்க அக்கா தப்பா ஒண்ணும் எடுத்துக்கலையே என்று அவர் காப்பி குடித்துக்கொண்டே கேட்டபோது, பரவாயில்லை என்று சொன்னவள் இவள்தான். அக்காவுக்காக அதைச் சொல்ல இவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? அதற்குப் பிறகு அக்கா அந்த வீட்டுப் படி ஏறவில்லை. போனில் பேசுவதோடு சரி.

இந்தத் தடவை இவள் விடவில்லை. தினமும் போன் போட்டுக் கெஞ்சினாள். கடைசியில் அக்கா இறங்கி வந்தாள். "உனக்காக வரேன்டி. அங்க மார்க்கு கீர்க்குன்னு ஏதாவது ஆரம்பிச்சார்னா, நான் பாட்டுக்குப் பையைத் தூக்கிட்டு லாட்ஜுக்குப் போயிடுவேன். அப்புறம் செத்தாலும் கூப்பிடாதே" என்றாள். இவள் அதை அப்படியே புருஷனிடம் சொன்னாள். அக்கா இருக்கிறவரை கச்சேரி கிடையாது, பாட்டில் மேஜைக்கு வரக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நான் என்ன காட்டுமிராண்டியா என்று ரோஷமாகக் கேட்டார். ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

அக்கா ஒரு சனிக்கிழமை மதியம் வந்து சேர்ந்தாள். கண்ணில் பால் கலந்த மாதிரி இருந்தது. ஆவி படிந்த ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்றாள். சுவரையும் நாற்காலி முதுகையும் தொட்டுத் தொட்டு நடந்தாள். இவள் முன்கூட்டியே கால் தடுக்கும் மிதியடிகளை எடுத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் விளக்கு வைத்து, கடையில் ஒரு வாரம் லீவும் போட்டிருந்தாள். மதியச் சாப்பாட்டின்போது அவர் ஒழுங்காக இருந்தார். பயணம் எப்படி, பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்றெல்லாம் கேட்டார். மார்க்கு எதுவும் போடவில்லை. அக்காகூட இவள் காதில், மனுஷன் திருந்திட்டார் போலிருக்கே என்றாள்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், அழைப்பு மணி அடித்தது. பல் டாக்டர். அவருக்குப் பின்னால் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் மேலதிகாரி. இவள் திரும்பிப் பார்த்தால், மேஜையில் வெள்ளைத் துணி விரித்தாகிவிட்டது. பெட்டி போட்டுத் தேய்த்த துணி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டறியாத கை, அக்காவும் இவளும் அறையில் படுத்திருந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு துணி தேய்த்திருக்கிறது. ஷூ அலமாரிக்குப் பின்னாலிருந்து சாக்ஸ் மாட்டிய இரண்டு பாட்டிலும் வெளியே வந்தன. மேலதிகாரி தானாகவே வருகிறேன் என்றார், எப்படி வேண்டாம் என்பது, பத்தே நிமிஷம் என்று இவள் காதில் முணுமுணுத்தார். காலையிலேயே சாக்ஸ் மாட்டி வைத்த பத்து நிமிஷம்.

அக்காவை உள்ளேயே இருக்கச் சொல்லலாம் என்று இவள் போவதற்குள், மேலதிகாரி நல்ல மனுஷன், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா, அவர்களும் வந்து உட்காரட்டுமே என்று சொல்லிவிட்டார். அக்காவும் தங்கைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவர் குருட்டு ருசி என்றால் என்னவென்று மேலதிகாரிக்கு விளக்கினார். "அப்ப இந்த மேஜையில எனக்குத்தான் முதல் இடம்" என்றாள் அக்கா. மேலதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். இதோடு முடிந்துவிட்டால் தேவலை என்று இவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

முடியுமா? அக்காவின் முன்னால் கிளாஸை வைத்தார். எனக்குப் பரவாயில்லை மாப்பிள்ளை, நீங்கள் குடியுங்கள் என்றாள் அக்கா, வேண்டாம் என்கிற அர்த்தத்தில். அவர் ஆள்காட்டி விரலை ஆட்டினார். அந்த வார்த்தைக்கு இந்த மேஜையில் தடை என்றார். தடை எப்படி வந்தது என்று மேலதிகாரிக்கு ஒரு கதை. அதிலிருந்து கலிஃபோர்னியாக்காரர்களுக்கு ஏன் ஒயின் செய்யத் தெரியாது என்று ஒரு பிரசங்கம். ஆள் சூடேறிவிட்டார். மேலதிகாரி சிரிக்கச் சிரிக்க, அவரே எதிர்பார்க்காத ஒரு கதை வாயில் வந்து நின்றது. வேண்டப்பட்ட ஒரு அம்மா ஒருதடவை ரிப்பன் கட்டிய கலிஃபோர்னியா பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார்களாம். சிங்க்கில் ஊற்றினாராம். சிங்க்கே வேண்டாம் என்று திருப்பித் துப்பியதாம். குளுக் குளுக் என்று வாயால் சத்தம் வேறு போட்டுக் காட்டினார். டாக்டர் ஆஹா என்றார். அந்த வேண்டப்பட்ட அம்மா ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அக்கா எழுந்துகொள்வதற்காக மேஜையின் விளிம்பைத் தேடிக் கையை நீட்டினாள். நெட்டையான அந்தக் கிளாஸ் கண்ணுக்குத் தெரியவில்லை. கை பட்டு அது சாய்ந்தது, போகிற போக்கில் கறுப்பு சாக்ஸ் பாட்டிலையும் சாய்த்துக்கொண்டு போனது. வெள்ளைத் துணி முழுக்கச் சிவப்பு ஓடி, மேலதிகாரியின் கால்சட்டையில் சொட்டியது. இவள் புருஷன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கண்ணு தெரியலையா?"

எல்லாரும் சொல்கிற வசவுதான். ரோட்டில் இடித்துக்கொண்டால் சொல்வோம், வாசலில் காலை மிதித்தால் சொல்வோம். தேர்வு மைதானத்தில் கூம்பு விழும்போதெல்லாம் அவர் சொல்வதும் அதுதான். அன்றைக்கு அது போய் யார்மேல் விழுந்தது என்பது அவரைத் தவிர அறையில் எல்லாருக்கும் உடனே உறைத்தது. ஆஹா டாக்டர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியல மாப்பிள்ளை" என்றாள் அக்கா. "அதுக்காகத்தானே வந்திருக்கேன்."

அவருக்கு அப்போதுதான் முகம் மாறியது. "ஐயையோ, அது ஏதோ வாயில வந்துடுச்சு, சாரிக்கா" என்றார். வாய் அக்காவிடம் சொன்னது, கண் பெண்டாட்டியைப் பார்த்தது. அவள் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும். துணியை மாற்றிவிட்டு, பழுப்பு சாக்ஸ் பாட்டிலைத் திறந்துவிடலாம். மேலதிகாரியும் பார்த்தார், டாக்டரும் பார்த்தார். எல்லாருக்கும் அது தேவைப்பட்டது. பழக்க தோஷத்தில் அது அவள் தொண்டைவரைக்கும் வந்தும் விட்டது. அவள் விழுங்கிவிட்டாள்.

"அந்த வார்த்தை இந்த மேஜையில கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். "தோணறதைச் சொல்றேன். முழுங்கின அப்புறம் எவ்வளவு நேரம் நாக்குல நிக்குதுன்னு எல்லார்கிட்டயும் கேப்பீங்கல்ல? அன்னைக்கு நீங்க சிங்க்ல ஊத்தினது எனக்கு இன்னும் நிக்குது. கசப்பா நிக்குது."

மேலதிகாரி பக்கம் திரும்பி, அந்த பாட்டிலைக் கொண்டுவந்தது என் அக்காதான் சார் என்றாள். அந்த மனுஷன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஈரமான கால்சட்டையைப் பார்த்தார். அக்கா அதற்குள் சுவரைத் தொட்டுக்கொண்டே அறைக்குப் போய்த் தன் பையை எடுத்துவிட்டாள். இவள் தன்னுடைய நாலு துணியை இன்னொரு பையில் திணித்தாள். கதவருகே செருப்பு மாட்டும்போது, ஏதோ ஞாபகம் வந்தவள்போல மேலதிகாரியைக் கூப்பிட்டாள்.

"சார், கறுப்பு சாக்ஸ் எப்பவும் பிரெஞ்சு. பழுப்பு சாக்ஸ் எப்பவும் கலிஃபோர்னியா. மாட்டறது இவர்தான். அடுத்த தடவை நீங்களும் கரெக்டா சொல்லிடலாம்."

புருஷன் மாடிப்படிவரை பின்னாலேயே ஓடி வந்தார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று அந்தக் கடைசி நொடியில்கூட இவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "அப்ப ராத்திரிக்கு எனக்குச் சாப்பாடு?" என்றார். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

லாட்ஜ் அறையில் இரண்டு கட்டில் போட்டால் நடக்க இடமில்லை. ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். அக்காவுக்கு முதலில் வலது கண், சில நாள் கழித்து இடது கண். இவள் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள். கட்டைப் பிரித்த அன்றைக்கு அக்கா இவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். "என்னடி, உனக்கு இவ்வளவு நரைச்சிடுச்சு?" என்றாள். இருவரும் சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்ததால் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் ஊரிலும் பெரிய கண்ணாடிக் கடை ஒன்று வந்திருக்கிறது, பார்வை பார்க்க நல்ல ஆள் கிடைக்காமல் அல்லாடுகிறார்கள் என்று அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். இவள் தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் போன் செய்தார். நடுவிலும் செய்திருந்தார், வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று கேட்க ஒருமுறை, கறுப்பு சாக்ஸில் கறை போகவில்லை என்று சொல்ல ஒருமுறை. இந்தத் தடவை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. சனிக்கிழமை யாரும் வரவில்லையாம். பல் டாக்டருக்கு ஏதோ வேலையாம். மேலதிகாரி ஆபீஸில் இவர் காலைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் பழுப்பா என்று கேட்டாராம். இதையெல்லாம் யாரோ தனக்குச் செய்த அநியாயம் மாதிரி சொல்லி முடித்தார். அப்புறம்தான் நினைவு வந்தது.

"உங்க அக்காவுக்குக் கண்ணு இப்ப பரவாயில்லையா?"

நோயில் கிடந்தவர்களை விசாரிக்க நம்மிடம் இருப்பது இந்த ஒரு சொல்தான். எவ்வளவு பெரிய நாக்குக்காரனும் கடைசியில் இதில்தான் வந்து நிற்க வேண்டும். தான் தடை போட்ட சொல்லைத் தானே சொல்லிவிட்டது அவருக்கு உறைக்கவில்லை. இவளுக்கு உறைத்தது. அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பதிலுக்கு அதே சொல் வந்துவிடும், கூடவே இவளும் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று காத்திருக்கிறார்.

"நல்லா தெரியுதாம்" என்றாள். "எனக்கும் இப்ப நல்லா தெரியுது."

போனை வைத்துவிட்டு மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தாள். அக்கா கட்டிலில் தலையைச் சாய்த்து, இமையை விரலால் விரித்துக்கொண்டு தயாராக இருந்தாள். இவள் ஒரு சொட்டு விட்டாள், சரியாக விழுந்தது.

"அக்கா, அந்தக் கடையில ஆள் எடுத்துட்டாங்களான்னு கேட்டுப் பாரு" என்றாள்.